கொஞ்சம் ஈரம் இருக்கட்டும்

"குருமுஷ்" என்றார் தெய்ஸே. வாணலியை எட்டிப் பார்த்துவிட்டு அந்த ஒரே ஒரு சொல்.

துருக்கி மொழியில் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதிலும் அந்த 'முஷ்' விகுதி பொல்லாதது. நடக்கும்போது நான் பக்கத்தில் இல்லை, வந்து பார்த்தால் இப்படிக் கிடக்கிறது என்கிற தொனி அதில் இருக்கும். "காய்ஞ்சுல்ல கெடக்கு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான். வாணலியில் இருந்தது என் முதல் மெனெமென், துருக்கியரின் தக்காளி முட்டைச் சமையல். பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், தக்காளி, மேலே முட்டை. உதிரி உதிரியாக வரும்வரை கிண்டி இறக்கியிருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. அது முட்டைப் பொடிமாஸ்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் வேலைக்காக இரண்டு வருடம் இருந்தேன். வளைகுடாவின் வடகரையில் கார்ஷியாகா பக்கம் மாடிவீடு. கீழே வீட்டுக்கார அம்மா. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, தெய்ஸே என்றுதான். அம்மாவின் சகோதரிக்கான சொல் அது. அப்பாவின் சகோதரி ஹாலா, அப்பாவின் சகோதரர் அம்ஜா. எல்லோரையும் ஆன்ட்டி, அங்கிள் என்று இரண்டே டப்பாவில் அடைக்காத மொழியைக் கேட்டதும் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. இதில் வேடிக்கை, தாய்மாமனுக்கு அவர்கள் சொல் தாயி. முதல்முறை கேட்டபோது யாரோ அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

சரி, மெனெமெனுக்கு வருவோம். தக்காளி, பச்சைமிளகாய், முட்டை, எண்ணெய், உப்பு. இவ்வளவுதான் சாமான். துருக்கியில் வீட்டைவிட்டு வெளியூர் போய்ப் படிக்கும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் சமையல் இதுதான். பிரம்மச்சாரி சமையல் என்று கேலியும் உண்டு. இவ்வளவு எளிய ஒன்றில் தோற்றதுதான் எனக்கு உறுத்தியது. அடுத்த ஞாயிறு காலை தெய்ஸே கீழே கூப்பிட்டார். "கற்றுக்கொடுக்கப் போவதில்லை, பக்கத்தில் நின்று பார், போதும்" என்றார்.

மிளகாயிலிருந்து ஆரம்பித்தார். சிவ்ரி பிபெர் என்ற ரகம். நீளமாக, ஒல்லியாக, கொஞ்சம் வளைந்து இருக்கும். பெரும்பாலும் காரமே இருக்காது, ஆனால் கூட்டத்தில் ஒன்று திடீரென்று நாக்கைப் பொசுக்கும். அதனால் ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். காரமானதைத் தனியே ஒதுக்கினார். காம்பைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தித் திருகி இழுத்தால் விதையோடு மொத்தமாகக் கையில் வந்துவிடுகிறது. நறுக்கும் பலகையெல்லாம் இல்லை, உள்ளங்கையில் வைத்தே சின்னக் கத்தியால் வளையம் வளையமாக நேரே சட்டிக்குள் அரிந்து போட்டார். என் பாட்டி வெண்டைக்காயை இப்படித்தான் அரிவாள்.

சட்டி என்று சொன்னாலும் அதற்குத் தனிப் பெயர் உண்டு: சஹான். இரண்டு பக்கமும் காது வைத்த தட்டையான செப்புப் பாத்திரம். உள்ளே ஈயம் பூசியிருக்கும். நம் ஊரில் முன்பு பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசத் தெருவில் ஆள் வருவார்களே, அதே வேலைதான். அடுப்பில் வைத்த சஹானை அப்படியே மேசைக்குக் கொண்டுபோகலாம், வேறு தட்டுக்கு மாற்ற வேண்டியதில்லை. இந்த வசதிக்குள்தான் சமையலின் சூட்சுமமே இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஏகேயன் கடலோரத்தில் எண்ணெய் என்றாலே ஆலிவ் எண்ணெய்தான். தாராளமாக ஊற்றினார். மிளகாய் மெல்லிய தீயில் கிடந்தது. நான் கரண்டியை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். பத்து நிமிடம் போயிருக்கும். பச்சை நிறம் மங்கி, தோல் சுருங்கி, ஓரம் லேசாகச் சிவக்கும்வரை அவர் எதுவும் செய்யவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைத்தார், ஆலிவ் காய்களைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார், பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டினார்.

அப்புறம் தக்காளி. இந்த இடத்தில் ஒரு கைவேலை பார்த்தேன், அதற்குப் பிறகு வேறு மாதிரி செய்ததே இல்லை. தக்காளியைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் தேங்காய்த் துருவி மாதிரியான துருவியில் தேய்க்கிறார். சதை முழுக்க விழுதாகக் கீழே விழுகிறது. தோல் மட்டும் உள்ளங்கையில் தட்டையாக மிஞ்சுகிறது. கொதிநீரில் போட்டுத் தோல் உரிக்கும் தொல்லையெல்லாம் இல்லை. மூன்று தக்காளியில் இரண்டைத் துருவினார், ஒன்றை மட்டும் தோல் சீவித் துண்டாக நறுக்கினார். "எல்லாமே விழுதானால் குழம்பு, எல்லாமே துண்டானால் சாலட்" என்றார்.

உப்பை இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுகிறார். தக்காளி பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதித்து ஒடுங்குகிறது. நம் தொக்கு மாதிரி எண்ணெய் பிரிந்து சுருளும்வரை விடக்கூடாது. கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு உடனே மூடினால் இன்னும் தண்ணீர் அதிகம். மூடாமலே நின்றால் தாண்டிவிட்டது. மெதுவாக வந்து மூடவேண்டும்.

இதுவரை இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி எல்லாமே ஒன்றரை நிமிடம்தான்.

நான்கு முட்டையை அடிக்காமல் நேராகச் சட்டியில் உடைத்து ஊற்றினார். மஞ்சள்கருவைக் கரண்டி முனையால் குத்திவிட்டார். கொஞ்ச நேரம் விட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு நாலைந்து தடவை இழுத்துவிட்டார், கிண்டவில்லை. வெள்ளை ஒரு பக்கம் வெள்ளையாகவும் மஞ்சள் ஒரு பக்கம் மஞ்சளாகவும் தக்காளிச் சிவப்போடு கலந்தும் கலக்காமலும் கிடந்தது. பளபளவென்று ஈரமாக, என் கண்ணுக்குப் பாதிகூட வேகாதது போல இருந்த அந்த நேரத்தில் அடுப்பை அணைத்தார்.

"இன்னும் வேகலையே" என்றேன்.

"மேசைக்குப் போகும் வழியில் வேகும், பிள்ளை" என்றார்.

சஹானின் சூட்சுமம் இதுதான். செம்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, கொதிக்கும் தக்காளியும் அப்படியே. முட்டைக்கு அவ்வளவு சூடு தேவையே இல்லை. வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுகத் தொடங்கிவிடும், மஞ்சள்கரு 65-இல் கெட்டிப்பட்டு 70-இல் உறைந்துவிடும். அதற்கு மேலும் சூடு ஏற ஏற, முட்டைப் புரதம் இறுகி இறுகித் தன்னிடமுள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். முட்டை ரப்பர் மாதிரி ஆகிவிடும், சட்டியில் தனியாகத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை வற்றவைக்கலாம் என்று இன்னும் கிண்டினால்தான் என் முதல் மெனெமென் கிடைக்கும். நான் செய்த தப்பு எது என்று அப்போதுதான் புரிந்தது. தக்காளிக்குக் கொடுக்கவேண்டிய நேரத்தை முட்டைக்குக் கொடுத்திருந்தேன்.

சாப்பிடக் கரண்டி கிடையாது. எக்மெக் என்கிற அவர்கள் ரொட்டி, வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதைப் பிய்த்து, சட்டியில் தன் எதிரே உள்ள பக்கத்தில் தோய்த்து, மறுகையைக் கீழே ஏந்திக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோகவேண்டும். எல்லோருக்கும் ஒரே சட்டி. ஆளாளுக்கு எதிரில் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டி அடுத்தவர் பக்கம் ரொட்டியை விடுவது அநாகரிகம். கடைசியில் அடியில் ஒட்டியிருக்கும் சிவப்பு எண்ணெய்க்குத்தான் போட்டி. எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்தால் எதைத் தோய்ப்பது? குருமுஷ் என்று அவர் சொன்னது ருசியைப் பற்றிய குறையாகவே இருக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் அவர் கேள்வி.

சாப்பிட்டதும் "எலினிஸே ஸாலிக்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். உங்கள் கைக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று பொருள். சமைத்தவரிடம் இதைச் சொல்லாமல் எழுந்தால் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கவனித்தீர்களா, தெய்ஸே வெங்காயம் போடவில்லை. நான் கேட்டும்விட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஏதோ குடும்பச் சண்டையைக் கிளறிவிட்டேனோ என்று பயந்துபோனேன். கிட்டத்தட்ட அப்படித்தான். மெனெமெனில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பது துருக்கியில் சாதாரண விஷயமில்லை. 2018-இல் வெதாத் மிலோர் என்ற புகழ்பெற்ற உணவு விமர்சகர் ட்விட்டரில் இதை வாக்கெடுப்புக்கே விட்டார். நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். வெங்காயக் கட்சி 51 சதவீதம் வாங்கி மயிரிழையில் ஜெயித்தது. தோற்ற கட்சி இன்றுவரை முடிவை ஏற்கவில்லை. என் அலுவலகத்தில் அந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மதியச் சாப்பாட்டு நேரம் போதாது.

என் கட்சி எது என்றால், தெய்ஸே கட்சிதான், உப்புத் தின்ற நன்றி. காரணமும் சொல்ல முடியும். வெங்காயம் வதங்கினால் இனிப்பு ஏறும். நல்ல வெயில்காலத் தக்காளியில் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மிளகாயின் அந்தப் பச்சைக் கசப்பு காணாமல் போய்விடும். குளிர்காலத்துத் தக்காளியில் ஒன்றுமே இருக்காது, அப்போது வெங்காயம் கைகொடுக்கும். ஆகவே பங்குனிவரை வெங்காயம், ஆடியில் வேண்டாம் என்பது என் சமரசத் திட்டம். இதைத் தெய்ஸேயிடம் சொன்னபோது, இரண்டு கட்சியும் சேர்ந்து என்னை அடிக்கும் என்றார்.

பெயர் ஊர்ப் பெயர். மெனெமென் என்பது இஸ்மிர் மாகாணத்திலேயே உள்ள ஒரு ஊர், கெதிஸ் ஆற்றுச் சமவெளியில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, மெனெமெனில் மெனெமென் சாப்பிட்டே தீருவது என்று கிளம்பினேன். கார்ஷியாகாவிலிருந்து இஸ்பான் என்ற புறநகர் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மணப்பாறை முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரி ஊரெல்லாம் பலகை தொங்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. ஊரைச் சுற்றி மண்பாண்டக் கடைகள்தான் கண்ணில் பட்டன. மெனெமென் மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். பக்கத்தில் எமிரலெம் ஸ்ட்ராபெர்ரிக்கு.

வயதானவர்களிடம் மெனெமென் என்றால் முதலில் நினைவுக்கு வருவது முட்டை இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. 1930 டிசம்பர் 23 அன்று, புதிய மதச்சார்பற்ற குடியரசை எதிர்த்துக் கிளம்பிய ஒரு கும்பல் இந்த ஊரில் குபிலாய் என்ற இளம் அதிகாரியைக் கொன்றது. அடிப்படையில் அவர் ஒரு பள்ளி ஆசிரியர், ராணுவச் சேவைக் காலத்தில் இருந்தவர். குன்றின் மேல் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, வருடாவருடம் அதே நாளில் கூடுகிறார்கள். காலைச் சாப்பாட்டின் பெயரும் ஒரு துயரத்தின் பெயரும் ஒன்றாக இருக்கும் ஊரில், நான் தேநீர்க்கடையில் உட்கார்ந்து முட்டை கேட்டேன். கொண்டுவந்து வைத்தார்கள். நன்றாகவே இருந்தது. வெங்காயம் போட்டிருந்தார்கள். தெய்ஸேயிடம் நான் இதைச் சொல்லவில்லை.

அந்த ஊருக்கும் இந்த உணவுக்கும் என்ன சம்பந்தம் என்று கடைக்காரரைக் கேட்டேன். கிரீட் தீவிலிருந்து இங்கே வந்து குடியேறிய துருக்கியர் கொண்டுவந்ததாம். அந்த 'ஆம்' என்னுடையது இல்லை, அவருடையது. அதே 'முஷ்', 'மிஷ்' விகுதியைத்தான் துருக்கியில் கேள்விப்பட்ட செய்திக்கும் போடுகிறார்கள். கொண்டுவந்தார்களாம், இங்கே பிடித்துப்போயிற்றாம், பெயர் ஒட்டிக்கொண்டதாம். ஒரு சின்ன விகுதியில் பொறுப்பைக் கழற்றிவிடும் இந்த வித்தை தமிழுக்கும் துருக்கிக்கும் பொது. அதனால் நானும் அப்படியே உங்களிடம் கடத்திவிடுகிறேன்.

ஆள் மாறியது மட்டும் உண்மை. 1923-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கையெழுத்தான ஒப்பந்தப்படி துருக்கியின் கிரேக்க மரபுக் கிறிஸ்தவர்களும் கிரேக்கத்தின் முஸ்லிம்களும் கட்டாயமாக இடம் மாற்றப்பட்டார்கள். மெனெமெனிலிருந்து போன கிரேக்கர்கள் தெசலோனிக்கி நகரத்தின் ஓரத்தில் குடியேறி, அந்த இடத்துக்கு மெனெமெனி என்றே பெயர் வைத்தார்கள். இன்னும் அதே பெயர்தான்.

தக்காளியும் குடியேறியதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி, ஐரோப்பா வழியாக வந்து, சிவந்த பழமாக உஸ்மானியர் அடுப்படியில் பரவலானதே 19-ஆம் நூற்றாண்டில்தான். ஆக மெனெமெனும் பழைய சுல்தான்கள் காலத்துப் பெருமையெல்லாம் இல்லை. துருக்கியின் தெற்கில் சில ஊர்களில் தக்காளியை இன்றும் ஃபிரெங்க் என்பார்கள். ஃபிரெங்க் என்றால் ஐரோப்பியன். நாமும் அதே சொல்லை, பறங்கி என்று திரித்து, அதே அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு காய்க்கு வைத்துக்கொண்டோம். இஸ்மிர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. நாடு முழுக்க டொமாதெஸ் என்று சொல்லும்போது இவர்கள் மட்டும் டொமாட் என்று வெட்டிவிடுவார்கள். சந்தையில் நான் டொமாட் என்று கேட்ட அன்றைக்கு ஒரு வியாபாரி கூடுதலாக இரண்டு பழம் போட்டார்.

இணையத்தில் மெனெமெனையும் ஷக்ஷூகாவையும் ஒன்றாக்கி எழுதுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஷக்ஷூகாவில் கெட்டியான மசாலாக் குழம்பில் முட்டை முழுசாக உட்கார்ந்திருக்கும், சீரகம் தூக்கலாக இருக்கும். மெனெமெனில் முட்டை கலந்துவிடும், சீரகம் வராது. இதற்கு மேல் குழப்பம் வேண்டுமென்றால், துருக்கியிலேயே ஷக்ஷூகா என்ற பெயரில் ஒன்று உண்டு, அது வறுத்த கத்தரிக்காயில் தக்காளிச் சாறு ஊற்றி ஆறவைத்துச் சாப்பிடுவது. முட்டையே கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில் தெய்ஸே வீட்டுக் கொல்லை ஒரு தொழிற்சாலை ஆகிவிடும். சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கும். பெட்டி பெட்டியாக வாங்கி, மிளகாயோடு பெரிய அண்டாவில் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய துணி விரித்துப் புட்டிகளைத் தலைகீழாக அடுக்கிவைப்பார்கள். ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி தானாகப் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் ஒரு புட்டியைத் திறந்து சட்டியில் ஊற்றி முட்டை உடைத்தால் ஐந்தே நிமிடத்தில் மெனெமென். என்னைத் துருவுவதற்குப் பிடித்துப் போட்டார். ஒரு மத்தியானம் முழுக்கத் துருவினேன். இரண்டு விரல் தோல் போயிற்று, தக்காளிப் புளிப்பு அதில் ஏறி இரவெல்லாம் எரிந்தது. மறுநாள் பக்கத்துவீட்டு அப்லா, அதாவது அக்கா, விரலைப் பார்த்துவிட்டு, "மருமகப் பிள்ளைக்குக்கூட இவ்வளவு வேலை வைக்கமாட்டார்கள்" என்று தெய்ஸேயிடம் சண்டைக்குப் போனார்.

நம் ஊரில் இதைச் செய்யப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மிளகாய்க்கு அலையவேண்டாம், நம் பஜ்ஜி மிளகாய் சரியாகப் பொருந்துகிறது. குடைமிளகாய் போட்டால் சைனீஸ் கடை வாசம் வந்துவிடும். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு கூடுதல், விதையும் கூடுதல். துருவும் முன் விதையைக் கொஞ்சம் வழித்துவிட்டால் சரியாகிவிடும். பெங்களூர்த் தக்காளி என்றால் நன்றாகப் பழுத்ததாகப் பாருங்கள். ஆலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் வெண்ணெய், நல்லெண்ணெய் மட்டும் தயவுசெய்து வேண்டாம். செப்புச் சட்டிக்கு இரும்புத் தோசைக்கல் மாற்றாகாது, தக்காளி பட்டால் இரும்பு வாடை வரும். கனமான எவர்சில்வர் வாணலி போதும். ரொட்டி ஒன்றுதான் சிக்கல். பேக்கரியில் இனிப்பில்லாத ரொட்டி கிடைப்பதற்குள் மெனெமென் ஆறிவிடும். நான் பரோட்டாவை முயன்றேன். தெய்ஸே இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன், பிரமாதம்.

ஊருக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிறு அம்மாவுக்குச் செய்துகாட்ட ஆசைப்பட்டேன். மிளகாயைப் பொறுமையாக வதக்கினேன். தக்காளியைத் துருவினேன், அந்த வித்தையைப் பார்த்து அம்மா நிஜமாகவே அசந்துபோனாள். கோடு இழுத்துப் பார்த்தேன், மெதுவாக வந்து மூடியது. முட்டையை உடைத்து, நாலே இழுப்பு, அடுப்பை அணைத்தேன். சஹான் நிறம் இல்லையே தவிர, மற்றபடி கார்ஷியாகாதான். தட்டு எடுத்துவரக் கூடத்துக்குப் போனேன். போனது போனபடி வந்திருக்கலாம், நடுவில் போன் வந்தது, இரண்டு நிமிடம் பேசிவிட்டேன்.

திரும்பிவந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா கையில் தோசைத்திருப்பி. வாணலியில் எல்லாம் உதிரி உதிரியாக, பொன்னிறமாக.

"பச்சை வாசனை போகலப்பா. தண்ணியாவும் கெடந்துச்சு. அதான் நல்லா சுருள விட்டேன்."

மத்தியானம் ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.